ஏற்காட்டுக்கு வயர்லெஸ் இணைப்பு: எந்த அலைவரிசையில் போடலாம், எதைத் தொடவே கூடாது

சேலத்துக்குள் ஃபைபர் வந்துவிட்டது. மேலே ஏற்காட்டில் எஸ்டேட் பங்களா, பள்ளி, தங்கும் விடுதி என்று பல இடங்களுக்கு இன்னும் வரவில்லை. கீழே ஒரு மொட்டை மாடியில் ஒரு டிஷ், மேலே ஒரு கம்பத்தில் ஒரு டிஷ் வைத்து இணைத்துவிடலாம் என்று கேபிள்காரர் சொல்கிறார். செல்பேசி நிறுவனம் 5ஜி வாங்கச் சொல்கிறது. இன்னொருவர் ஃபைபரையே இழுத்துவிடலாம் என்கிறார். எதைத் தேர்வது என்று தவிப்பவர்களுக்காக இந்த ஒப்பீடு.

கொட்டேஷன் வாங்கும்போது வழக்கமாகக் கேட்பது இரண்டுதான்: எத்தனை எம்பி வரும், எவ்வளவு ஆகும். மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது, அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அந்த அலைவரிசையில் ஏற்கெனவே யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்? ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு மேலே பல நூறு கி.மீ. உயரத்தில் பறக்கும் தொலையுணர்வு செயற்கைக்கோள்கள் சில குறிப்பிட்ட அலைவரிசைகளில்தான் நிலத்தைப் பார்க்கின்றன. ஏரிகளின் நீர்ப்பரப்பு, மலைச்சரிவில் மண் நகர்வது, பயிர்ப்பரப்பு எல்லாம் மேகத்தையும் தாண்டித் தெரிவது அவற்றால்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெற்பரப்பைக் கணக்கிடப் பயன்படுத்திய ரேடார் படங்களும் அப்படி வந்தவையே. நம் டிஷ் தவறான இடத்தில் பேசினால் கெடுவது இந்தப் படங்கள்தான்.

## அளவுகோல்கள்

சட்டம். இந்தியாவில் ஒரு ரேடியோ கருவிக்கு அரசிதழ் அறிவிக்கை மூலம் உரிமவிலக்கு இருக்க வேண்டும், இல்லையென்றால் அலைவரிசைகளை ஒதுக்கும் மத்திய அரசுப் பிரிவான டபிள்யூபிசியிடம் உரிமம் வாங்க வேண்டும். 2018 அக்டோபர் 22ஆம் தேதி அறிவிக்கை 5 ஜிகாஹெர்ட்ஸில் நான்கு துண்டுகளைத் திறந்துவிட்டது: 5150–5250, 5250–5350, 5470–5725, 5725–5875 மெகாஹெர்ட்ஸ். நடுவே 5350 முதல் 5470 வரை விடுபட்டிருக்கிறது. அது தெரிந்தே விட்டது. காரணம் கீழே வருகிறது.

யார் கேட்கிறார்கள். செயற்கைக்கோள் உணரிகளில் இரண்டு வகை உண்டு. ஒருவகை தானாக எதையும் அனுப்பாது. மண்ணும் கடலும் காற்றும் இயல்பாக உமிழும் நுண்ணலையை மட்டும் அளக்கும். நாசாவின் ஸ்மாப், ஐரோப்பாவின் ஸ்மாஸ் இரண்டும் 1400–1427 மெகாஹெர்ட்ஸில் இப்படி மண் ஈரத்தை அளக்கின்றன. அந்த 27 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 300 கெல்வின் வெப்பமுள்ள நிலத்திலிருந்து உணரிக்குக் கிடைக்கும் மொத்த ஆற்றல், ஒரு வாட்டில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய ஒலியைக் கேட்கும் காதுக்குப் பக்கத்தில் எவர் முணுமுணுத்தாலும் கேடுதான்.

என்ன கேடு என்பதையும் சொல்ல வேண்டும். ஈரமண் நுண்ணலையைக் குறைவாக உமிழும், காய்ந்த மண் கூடுதலாக உமிழும். குறுக்கீடு வந்து சேர்ந்தால் அளவு கூடும், அதனால் ஐப்பசி மழையில் ஊறிய மரவள்ளிக் காடு காய்ந்த நிலமாகப் பதிவாகும். ஸ்மாப்பின் ஒரு பார்வைப்புள்ளி ஏறத்தாழ 40 கி.மீ. அகலம். சேலம், ஓமலூர், ஏற்காடு மூன்றும் ஒரே புள்ளிக்குள் அடங்கும். பலமான குறுக்கீட்டைக் கணினி கண்டுபிடித்துத் தள்ளிவிடும். இரண்டு மூன்று கெல்வின் மட்டும் கூட்டும் பலவீனமான குறுக்கீடுதான் பெரிய ஆபத்து, ஏனென்றால் அது இயற்கை மாதிரியே இருக்கும்.

இன்னொருவகை ரேடார். துடிப்பை அனுப்பி எதிரொலியை வாங்கும். ஐரோப்பாவின் சென்டினல்-1, இஸ்ரோவின் இஓஎஸ்-04, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார் எல்லாம் இந்த வகை. இவற்றின் படத்தில் குறுக்கீடு, பாதையின் குறுக்கே வெளிறிய பட்டைகளாக விழும்.

விதியின் வகை. இந்த அலைவரிசைகளைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் மூன்று விதமாகக் காக்கிறது. முதலாவது முழுத் தடை. ரேடியோ விதிமுறைகளின் 5.340ஆம் அடிக்குறிப்பு 1400–1427 மெகாஹெர்ட்ஸ், 23.6–24 ஜிகாஹெர்ட்ஸ் போன்ற துண்டுகளில் எந்த உமிழ்வும் கூடாது என்கிறது. இரண்டாவது, பக்கத்து வீட்டுக்காரனுக்கான வரம்பு. 750ஆம் தீர்மானம், அடுத்த துண்டில் பேசுபவர் இந்தப் பக்கம் எவ்வளவு சிந்தலாம் என்று எண்ணில் சொல்கிறது. மூன்றாவது, நிபந்தனையோடு பகிர்வு. 229ஆம் தீர்மானம், வைஃபைக்கும் ரேடாருக்கும் பொதுவான இடத்தில் எந்தக் கோணத்தில் எவ்வளவு திறன் என்று வகுத்துத் தருகிறது. ஒவ்வொரு வழியிலும் இவற்றில் எது பொருந்துகிறது என்று பார்த்தால் தேர்வு பாதி முடிந்துவிடும்.

மலை. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். நேர்க்கோட்டில் 15 கி.மீ. தூரம், கீழிருந்து பார்த்தால் ஏற்றக்கோணம் 5 பாகைக்குச் சற்றுக் குறைவு. மூடுபனி, மழை, இடி மூன்றும் உண்டு. சார்னோகைட் பாறையில் எர்த் குழி எடுப்பது சுலபமில்லை. பலர் கணக்கில் விட்டுவிடுவது நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரம்.

## ஒரே பார்வையில்

| வழி | பொருந்தும் விதி | செயற்கைக்கோளுக்கு | மழை, பனி | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஃபைபர் | பாதை உரிமை (கேபிள் பதிக்கும் அனுமதி) விதிகள் | பாதிப்பே இல்லை | பாதிக்காது | மண்சரிவில் அறுந்தால் பழுதுபார்ப்பு |
| 5.8 ஜிகா | உரிமவிலக்கு | மிகக் குறைவு | பொருட்டில்லை | மற்றவர்களின் நெரிசல், மரம் |
| 5.3, 5.5 ஜிகா | பகிர்வு, கோண வரம்பு | கவனம் தேவை | பொருட்டில்லை | சேனல் தானாக மாறுவது |
| 5350–5470 | அனுமதி இல்லை | நேரடிக் கேடு | – | சட்டச் சிக்கல் |
| உரிம மைக்ரோவேவ் | ஒருங்கிணைத்த ஒதுக்கீடு | குறைவு | 15 ஜிகாவில் மழை | ஆண்டுக் கட்டணம் |
| 26 ஜிகா 5ஜி | சிந்தல் வரம்பு | எண்ணிக்கை கூடக்கூடக் கவலை | மழை, மரம் | ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருப்பது |
| 865–868 மெகா | உரிமவிலக்கு | பாதிப்பு இல்லை | பொருட்டில்லை | இணையம் கிடைக்காது |

## ஃபைபர்

கண்ணாடி இழையிலிருந்து வானத்துக்கு எதுவும் போகாது. மற்ற எல்லா வழிகளிலும் நாம் செய்யும் கணக்கு இங்கே தேவையே இல்லை. 2025 ஜனவரி 1 முதல் புதிய பாதை உரிமை விதிகள் நடைமுறையில் இருக்கின்றன, விண்ணப்பம் இணையவழிதான். ஆனால் மலைப்பாதையில் வனத்துறை, நெடுஞ்சாலைத் துறை இரண்டின் ஒப்புதலும் வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள சாலையில் ஓரம் சரியும்போது கேபிளும் சேர்ந்து போகும். மின்கம்பத்தில் தொங்கவிட்டால் மரக்கிளை அறுக்கும்.

ஒரே ஒரு பங்களாவுக்காக இழுத்தால் கட்டுப்படியாகாது. ஒரே சாலையில் நான்கைந்து எஸ்டேட்டும் ஒரு பள்ளியும் சேர்ந்தால் இதுவே சரி. அப்போதும் ஒரு சிறிய வயர்லெஸ் இணைப்பை மாற்றாக வைத்திருங்கள்.

## 5725–5875 மெகாஹெர்ட்ஸ்

பெரும்பாலான தனி இணைப்புகளுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். புவியைப் பார்க்கும் ரேடார்களுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸில் ஒதுக்கிய இடம் 5250 முதல் 5570 வரை. 5725க்கு மேலே அவை இல்லை.

கணக்கைப் பாருங்கள். 15 கி.மீ. தூரத்தில் 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அலை வெட்டவெளியில் இழப்பது 131 டெசிபெல் (டெசிபெல் மடங்குக் கணக்கு, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு). ஆன்டெனாவிலிருந்து புறப்படும் மொத்தத் திறன் 36 டிபிஎம், அதாவது ஏறத்தாழ 4 வாட், என்று வைத்துக்கொள்வோம். எதிர்முனையில் 30 டிபிஐ டிஷ் (டிபிஐ என்பது டிஷ் அலையைக் குவிக்கும் அளவு) இருந்தால் வந்து சேருவது −65 டிபிஎம். நல்ல வேகத்துக்கு இது போதும். வேகம் இன்னும் வேண்டுமென்றால் திறனைக் கூட்டுவதுதான் பலரின் முதல் யோசனை. அதற்குப் பதிலாக இரு முனையிலும் டிஷ்ஷைப் பெரிதாக்குங்கள், அனுப்பும் திறனை அந்த அளவுக்குக் குறையுங்கள். புறப்படும் மொத்தம் வரம்புக்குள் நிற்கும், வாங்கும் பக்கம் கூடுதலாகக் கிடைக்கும். கற்றை குறுகுவதால் பக்கவாட்டில் சிதறுவதும் குறையும். 34 டிபிஐ டிஷ்ஷின் கற்றை ஏறத்தாழ 3 பாகைதான். அதனால் காற்றில் ஆடாத கம்பம் வேண்டும். ஒன்றரை அங்குலக் குழாயில் மாட்டினால் ஒவ்வொரு காற்றுக்கும் இணைப்பு விழும்.

மரத்துக்கு வருவோம். மலைமுனையில் டிஷ்ஷுக்கு 100 மீட்டர் முன்னால் ஒரு சில்வர் ஓக் நிற்கிறது என்றால், கண்ணுக்கு நேர்ப்பார்வை தெரிந்தால் மட்டும் போதாது. அந்த இடத்தில் கற்றைக்கு அடியில் குறைந்தது 1.4 மீட்டர் வெற்றிடம் வேண்டும். இன்றைக்கு அரை மீட்டர் இடைவெளி இருந்தால், அடுத்த மழைக்காலத்துத் தளிருக்கு இணைப்பு நின்றுவிடும். கிளை கழிக்கும் கூலியை ஆண்டுச் செலவில் சேருங்கள்.

இதன் குறை நெரிசல். சேலம் பக்கம் பல மாடிகளில் இதே அலைவரிசைதான் ஓடுகிறது. 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் கேட்டு அடம்பிடிக்காமல் 20 அல்லது 40இல் நிறுத்தினால் இணைப்பு நிலையாக இருக்கும்.

## 5250–5350, 5470–5725 மெகாஹெர்ட்ஸ்

இங்கே வைஃபையும் ரேடாரும் நிபந்தனையோடு பகிர்ந்துகொள்கின்றன. 5250–5350க்கு 229ஆம் தீர்மானம் தரும் கோண வரம்பு மலைக்காரர்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. அடிவானத்திலிருந்து 8 பாகை வரை ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு −13 டிபிடபிள்யூ (ஒரு வாட்டை அடிப்படையாக வைத்த டெசிபெல்). அதற்கு மேல் பாகைக்கு 0.716 டெசிபெல் வீதம் குறைய வேண்டும். 45 பாகைக்கு மேலே −42.

சேலம் நகரிலிருந்து 5 பாகை சாய்த்த டிஷ் முதல் படிக்குள் அடங்கிவிடும். அடிவாரத்திலிருந்து கூடுதல் சாய்வில் மேலே பார்க்கும் இணைப்பு அப்படியில்லை. 4 கி.மீ. தூரத்தில் 1,000 மீட்டர் ஏற்றம் என்றால் கோணம் 14 பாகை, வரம்பு −17.3. அதே பெட்டி, அதே டிஷ், ஆனால் நான்கு டெசிபெல்லுக்கு மேல் குறைக்க வேண்டும். இதைக் கொட்டேஷனில் எவரும் எழுதித் தருவதில்லை.

45 பாகை வரம்பு ஏன் அவ்வளவு கடுமை? சென்டினல்-1 சேலத்தைப் படமெடுக்கும் நேரத்தில் நம் மாடியிலிருந்து அது 44 முதல் 61 பாகை உயரத்தில் நிற்கும். குறுகிய கற்றையின் முகம் அதை நோக்காது. பக்கச் சிதறல்தான் போய்ச் சேரும். அந்தச் சிதறல் முன்முகத்தைவிட 29 டெசிபெல், அதாவது 800 மடங்கு, குறைவாக இருக்க வேண்டும் என்பதே விதியின் பொருள். நல்ல டிஷ்ஷில் அது கிடைக்கும். எல்லாப் பக்கமும் பரப்பும் ஓம்னி ஆன்டெனாவை விடுதி மாடியில் நட்டால் கிடைக்காது.

ரேடாரைக் கேட்டால் சேனலை மாற்றும் டிஎஃப்எஸ் இருக்கிறதே என்பார்கள். அது நிலத்தில் இருக்கும் ரேடார்களைக் காக்க வந்தது. கேட்டபின் சேனலைக் காலிசெய்ய 10 வினாடி அவகாசம் உண்டு. அந்தப் 10 வினாடியில் செயற்கைக்கோளின் பார்வை 65 கி.மீ.க்கு மேல் நகர்ந்து, படம் எடுத்து முடித்திருக்கும்.

5.8 நெரிசலாக இருந்து, சேலம் நகரிலிருந்து தாழ்ந்த கோணத்தில் போகும் இணைப்பென்றால் 5570க்கு மேலான சேனல்கள் நல்ல தேர்வு. டிஎஃப்எஸ்ஸை அணைக்காதீர்கள்.

## 5350–5470: காலியாகத் தெரியும் இடம்

இந்தக் கட்டுரையை எழுதவைத்ததே இதுதான். மாடியில் நின்று ஸ்கேன் போட்டால் 5.8 முழுக்கப் புல் முளைத்தது போல இரைச்சல். 5350க்கும் 5470க்கும் நடுவே மட்டும் தரை துடைத்த மாதிரி சுத்தம். ரேடியோ பெட்டியின் அமைப்பில் நாட்டின் பெயரை மாற்றினால், அல்லது சோதனைப் பயன்பாடு என்று தேர்ந்தால், அந்தச் சேனல்கள் திறந்துகொள்கின்றன. இணைப்பு பறக்கிறது, வாடிக்கையாளர் மகிழ்கிறார், நிறுவியவர் போய்விடுகிறார்.

அந்த இடம் சுத்தமாக இருப்பது, உலகம் கூடிப் பேசி விட்டுவைத்ததால். சென்டினல்-1இன் மைய அலைவரிசை 5405 மெகாஹெர்ட்ஸ், அகலம் 100 வரை. எனவே 5355இலிருந்து 5455 வரை. விட்டுவைத்த துண்டுக்குள் அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 2015, 2019 உலக ரேடியோ மாநாடுகள் இரண்டிலும் இதை வைஃபைக்குத் திறக்கலாமா என்று ஆராய்ந்தார்கள். ரேடார்களைக் காக்கும் வழி எதுவும் நிரூபணமாகாததால் இரண்டு முறையும் மாற்றமில்லை என்றே முடிந்தது.

ஒரு மாடியிலிருந்து வரும் ஒரு டிஷ் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ரேடாரின் துடிப்பு 690 கி.மீ.க்கு மேல் கீழே வந்து, எதிரொலியாக அதே தூரம் திரும்பிப் போகிறது. நம் டிஷ்ஷின் அலை ஒருவழிதான் போகிறது. அதனால்தான் சிறிய கருவியும் படத்தில் பட்டை போடுகிறது. மலைச்சரிவு நகர்ந்ததா என்று பார்க்க இரண்டு தேதிப் படங்களை ஒப்பிடுவார்கள். பட்டை விழுந்த தேதி அந்த ஒப்பீட்டுக்கு உதவாது, அதே செயற்கைக்கோளின் அடுத்த படத்துக்கு 12 நாள் காத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் 12 நாள் மிக நீளம்.

இதைத் தேர்வுகளில் ஒன்றாகவே வைக்கக் கூடாது. இது பொருந்தும் சூழ்நிலை ஒன்றுகூட இல்லை. ஏற்கெனவே உங்கள் பெட்டி இப்படி ஓடுகிறதா என்று இன்றே பாருங்கள்: அமைப்புப் பக்கத்தில் நாடு இந்தியா என்று இருக்கிறதா, மைய அலைவரிசை என்ன எண், அகலம் என்ன. மையம் 5480, அகலம் 40 என்றால் 5460 வரை இறங்கிவிட்டது. மையத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

## உரிமம் பெற்ற மைக்ரோவேவ்

அலைவரிசையை டபிள்யூபிசி இடம்பார்த்து ஒதுக்குவதால் நெரிசல் இல்லை, தொலையுணர்வுத் துண்டுகளுக்கும் இடைவெளி இருக்கும். தனி எஸ்டேட் வாங்குவது கடினம், உரிமம் உள்ள நிறுவனத்திடமிருந்து இணைப்பாக வாங்கலாம். 15 ஜிகாஹெர்ட்ஸில் மணிக்கு 50 மி.மீ. மழைக்கு கிலோமீட்டருக்கு 3 முதல் 4 டெசிபெல் போகும். 15 கி.மீ. முழுக்கவும் ஒரே கனத்தில் மழை பெய்யாது என்றாலும் அந்த இழப்புக்கு இடம் விட வேண்டும். மருத்துவமனை, வங்கி போல நிற்கவே கூடாத இடங்களுக்கு இதுவே பொருத்தம்.

## 26 ஜிகாஹெர்ட்ஸ் 5ஜி

2022 ஏலத்தில் 24.25–27.5 ஜிகாஹெர்ட்ஸ் விற்பனையானது. வீட்டுக்கு வெளியே ஒரு சிறு பெட்டி வைத்துத் தரும் நிலையான இணைப்பு இதில் வரலாம். வாடிக்கையாளர் அலைவரிசையைத் தேர்வதில்லை, நிறுவனம்தான் தேர்கிறது. நேர்ப்பார்வை வேண்டும், ஒரு மரம் போதும் மறைக்க. சேலத்தில் அடர்ந்த குடியிருப்புகளுக்குப் பொருந்தும். காபித் தோட்டத்துக்குள் எதிர்பார்க்க வேண்டாம்.

செயற்கைக்கோள் பக்கம் நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. காற்றிலுள்ள நீராவி 22.235 ஜிகாஹெர்ட்ஸில் நுண்ணலையைக் கூடுதலாக உமிழ்கிறது. அதன் சரிவில் 23.8இல் செயற்கைக்கோள்கள் நீராவியை அளக்கின்றன. இந்தியாவும் பிரான்சும் 2011இல் ஏவிய மேகா-ட்ராபிக்ஸிலும் அந்த அலைவரிசை இருந்தது. இது இயற்கை வைத்த எண். வேறு அலைவரிசைக்கு மாற்றிக்கொள்ள முடியாது. 24இல் முடியும் தடைக்கும் 24.25இல் தொடங்கும் 5ஜிக்கும் நடுவே கால் ஜிகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி.

எவ்வளவு சிந்தலாம் என்பதில் 2019 மாநாட்டில் பெரும் இழுபறி. 200 மெகாஹெர்ட்ஸுக்கு இத்தனை டிபிடபிள்யூ என்ற கணக்கில், அமெரிக்கா −20 போதும் என்றது, ஐரோப்பா −42 கேட்டது, உலக வானிலை அமைப்பு −55 கேட்டது. முடிவு: கோபுரங்களுக்கு −33, 2027 செப்டம்பர் 1க்குப் பின் பயன்பாட்டுக்கு வருபவற்றுக்கு −39. கையிலிருக்கும் கருவிகளுக்கு −29, பிறகு −35. ஆறு டெசிபெல் என்றால் நான்கில் ஒரு பங்கு.

மூன்று வகை விதிகளில் இந்தச் சிந்தல் வரம்பே பலவீனமானது என்பது எங்கள் மதிப்பீடு. 5350–5470இல் தவறு செய்பவரைப் பிடித்து நிறுத்த முடியும். இங்கே ஒவ்வொரு கருவியும் சட்டப்படி சரி. கூட்டுத்தொகைதான் தவறாகிறது, அதற்கு யார் மீதும் புகார் கொடுக்க முடியாது. இப்போதைக்கு அவசரமில்லாத பள்ளியோ அலுவலகமோ, கடுமையான வரம்புக்குட்பட்ட கருவிகள் வரும்வரை காத்திருப்பது நியாயம்.

## மற்றவை

தோட்டத்தில் மழைமானி, மண் ஈர உணரி, தொட்டி நீர்மட்டம் மட்டும் தெரிந்தால் போதுமென்றால் இணையமே வேண்டாம். 865–868 மெகாஹெர்ட்ஸில் ஓடும் லோரா என்னும் சிறு ரேடியோ போதும். கால்மணிக்கு ஒருமுறை சில பைட்டுகள், பேட்டரி ஆண்டுக்கணக்கில் நிற்கும். கேமரா ஓடாது. அதற்காக இணையத்தில் விற்கும் 1.2 ஜிகாஹெர்ட்ஸ் வீடியோ அனுப்பிகளை வாங்காதீர்கள். அவற்றுக்கு இந்தியாவில் உரிமவிலக்கு இல்லை, நிசாரின் எல்-பேண்ட் ரேடார் 1257 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது.

லேசர் இணைப்பு ஏற்காட்டு மூடுபனிக்கு ஒத்துவராது. 80 ஜிகாஹெர்ட்ஸ் கன மழையில் கிலோமீட்டருக்கு 19 டெசிபெல் இழக்கும். ஒரே வளாகத்தில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே மட்டும், அதுவும் உரிமத்தோடு.

## வேலை உத்தரவில் எழுத வேண்டியவை

மைய அலைவரிசை, சேனல் அகலம், புறப்படும் திறன், டிஷ்ஷின் டிபிஐ, ஏற்றக்கோணம் ஐந்தையும் எண்ணாக எழுதச் சொல்லுங்கள். நாடு இந்தியா என்று காட்டும் அமைப்புப் பக்கத்தின் படத்தைப் பில்லோடு வாங்குங்கள். அட்மின் கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும். இடி விழுந்து பெட்டி மாற்றினாலும், புது ஃபர்ம்வேர் ஏற்றினாலும் நாடும் சேனலும் பழையபடி இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். தானியங்கிச் சேனல் தேர்வு அப்போதுதான் பெரும்பாலும் சத்தமில்லாமல் திரும்ப வரும்.

பக்கத்து மாடியில் சந்தேகம் வந்தால் ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் இணையதளத்தில் சேலத்தின் சென்டினல்-1 படங்களை இலவசமாகப் பார்க்கலாம். விஹெச் முனைவாக்கத்தை (நெடுக்காக அனுப்பிய அலையைக் கிடையாக வாங்கிய படம்) தேர்ந்து பாருங்கள். அதில் இயல்பான எதிரொலி மெலிவு என்பதால் பட்டை இருந்தால் எடுத்துத் தெரியும். நான்கைந்து தேதிகளில் அதே இடத்தைச் சுற்றித் திரும்பத் திரும்ப விழுந்தால், தேதிகளோடும் படங்களோடும் மத்திய அரசின் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்புக்கு எழுதுங்கள். அதற்கு முன் அந்த மாடிக்காரரிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அவருக்கே தெரியாது. பத்து நிமிடத்தில் சேனலை மாற்றிவிடலாம்.